செல்வராணியின் விடை சரியாக இருந்தது

விடை சரியாக இருந்தது. அதற்காகத்தான் அவளை எழுந்து நிற்கச் சொன்னேன்.

மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பீரியட். மழை அப்போதுதான் விட்டிருந்தது. வகுப்பின் பின்சுவரோரம் நாற்பது ஐம்பது குடைகள் விரித்தபடி கிடந்தன. ஈரத் துணியும் சாக்பீஸும் கலந்த ஒரு வாசனை. என் கையில் ப்ரீ-டிகிரி இரண்டாம் ஆண்டுப் பெண்களின், அதாவது இன்றைய பிளஸ் டூ மாதிரி, பிசிக்ஸ் டெஸ்ட் தாள்கள்.

அதில் ஒரு சின்னக் கணக்கு. 43.7-ஐ 2.86-ஆல் பெருக்கி, 7.19-ஆல் வகுக்க வேண்டும். ஒழுங்காகப் போட்டிருந்தவர்கள் எல்லோரும் 17.39 என்று எழுதியிருந்தார்கள். செல்வராணி மட்டும் 17.38.

இன்றைய பிள்ளைகளுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அன்றைக்குப் பெரிய எண்களைப் பெருக்குவதற்கு லாக் டேபிள் என்று ஒரு சின்னப் புத்தகம் உண்டு. பக்கம் முழுக்க எறும்புச் சாரி மாதிரி எண்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் அதில் ஒரு மதிப்பைத் தேடி எடுத்து, கூட்டி, கழித்து, பிறகு இன்னொரு பக்கத்தில் தேடி விடைக்கு வர வேண்டும். கடைசி இலக்கம் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். அந்தக் கணக்குக்கு அந்தப் புத்தகம் 17.39 தான் தரும். உண்மையான விடை 17.38.

உண்மையான விடை வேண்டுமானால் காகிதத்தில் நீளமாகப் பெருக்கி வகுத்திருக்க வேண்டும். அவள் தாளில் அதற்கான அடையாளமே இல்லை. இல்லையென்றால் கால்குலேட்டர்.

"இந்த ஆன்சர் எப்படி வந்தது?"

"லாக் டேபிள் பார்த்துப் போட்டேன் டீச்சர்." வகுப்பில் எல்லோரிடமும் மலையாளம் பேசுகிறவள் என்னிடம் மட்டும் தமிழில் பேசுவாள். பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடது காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்தாள்.

"என்னைப் பார்த்துச் சொல்லு."

முகத்தைத் திருப்பினாள். கண் மறுபடியும் என் காதோரத்துக்கே போயிற்று. பொய் சொல்கிறவர்கள் கண்ணைப் பார்க்க மாட்டார்கள் என்று நானும் எல்லோரையும் போல நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

டின் என் கைக்கு வந்த விதம்

எழுபதுகளின் கடைசியா, எண்பது பிறந்துவிட்டதா என்று சரியாக நினைவில்லை. திருவனந்தபுரத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். லீவில் வந்த அப்பாக்கள் ஊதா மூடி போட்ட சென்ட் பாட்டிலும் சேலையும் கொண்டுவந்தார்கள். படிக்கிற பெண்களுக்குக் கால்குலேட்டரும் டிஜிட்டல் வாட்சும்.

பெண்கள் படிக்கும் அந்தக் கல்லூரியில் நான் பிசிக்ஸ் ஜூனியர் லெக்சரர். ஊர் நாகர்கோவில் பக்கம். கல்யாணமாகி வந்து, ஸ்ரீவராகத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம்.

எங்கள் டிபார்ட்மென்ட் தலைவி பத்மினி மேடம். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, ஒரு பெரிய பிஸ்கட் டின்னை மேஜையில் வைத்தார். மூடியில் காற்றாலையும் பசுமாடுகளும் வரைந்த டின்.

"சரசூ, யூனிவேர்சிட்டி பரீட்சைக்கு கால்குலேட்டர் பாடில்ல. ஈ குட்டிகளுக்கு அது பழகிப்போனா லாக் டேபிள் நோக்கவே மறந்துபோகும். கிளாஸ் துடங்கும்போ எல்லாம் இதில் இடீக்கணம். முடிஞ்சதும் திரிச்சு குடு. நீ நோக்கிக்கோ."

கால்குலேட்டரையெல்லாம் வகுப்பு தொடங்கும்போது டின்னில் வாங்கிப் போட்டு, முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். சரி என்றேன். சொல்வதற்கு எளிதாக இருந்தது.

முதல் நாளே குழப்பம். ஒன்பது கால்குலேட்டர் வந்தது. பத்தாவதாக ஒரு பெண் கையை நீட்டினாள். மணிக்கட்டில் வாட்ச், அந்த வாட்சிலேயே அரிசி அரிசியாகப் பொத்தான்கள்.

"டீச்சரே, இது வாச்சாணு. கால்குலேட்டர் அல்ல."

"கூட்டல் போடுமா?"

"போடும்."

"அப்ப டின்னில போடு."

"அப்போ சமயம் நோக்கான்?"

மணி பார்க்க அவள் என்ன செய்வாள்? வாட்ச் அனுமதி உண்டா என்று மேடத்திடம் கேட்டேன். உண்டு என்றார். கூட்டல் போடுகிற வாட்ச்? இல்லை என்றார். ஸ்டாப்வாட்ச் உள்ள வாட்ச்? யோசித்தார். எங்கள் லேபில் இருந்த மூன்று ஸ்டாப்வாட்சில் இரண்டு ஓடாது. ஊசல் ஆடுகிற நேரத்தைக் குறிக்க அந்தப் பெண்களின் வாட்சுகளைத்தான் மற்றவர்கள் இரவல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். "அது லேபில் மட்டும் ஆயிக்கோட்டே" என்று அனுமதித்தார். அடுத்த வாரம் அவரே வந்து, ஒரு பரிசோதனைக்கு என்று டின்னிலிருந்து ஒரு வாட்சை எடுத்துக்கொண்டு போனார்.

பதினோரு மணி அடித்தால் டின்னுக்குள்ளிருந்து வாட்சுகள் ஒவ்வொன்றாகக் கூவும். ஒன்றுகூட ஒன்றோடு சேர்ந்து கூவாது. நான் பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். கடைசி வாட்ச் முடிந்துவிட்டது என்று நினைத்துத் தொடங்கும்போது இன்னொன்று கூவும். பெண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்திருப்பார்கள். நிறுத்தத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. வாங்கித் தந்த அப்பாக்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

ஒரு பழைய பேனா

வகுப்பு முடியும்வரை அந்த டின்னை அலமாரியில் வைத்துப் பூட்டும்போதெல்லாம் எனக்கு வேறொரு அலமாரி நினைவுக்கு வரும்.

அறுபதுகளில், நான் எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும்போது, என் சித்தப்பா ஒரு பால்பாயிண்ட் பேனா வாங்கித் தந்தார். எங்கள் பள்ளியில் மைப்பேனாதான் பிடிக்க வேண்டும். பால்பேனா பிடித்தால் கையெழுத்து கெட்டுவிடும், குணமும் கெட்டுவிடும் என்று எங்கள் தலைமையாசிரியை சொல்லுவார். முதல் நாளே பறித்து அலமாரியில் வைத்தார். வருஷக் கடைசியில் திருப்பித் தந்தபோது அது எழுதவில்லை.

நான் பள்ளியை விட்டுப் போகும் வருஷம் என் சான்றிதழில் அந்த அம்மாள் பால்பேனாவால்தான் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது. அப்போது எனக்குக் கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. ஆனால் நானும் ஒரு நாள் அலமாரிச் சாவியோடு நிற்பேன் என்று நினைக்கவில்லை.

காலி உறை

வகுப்புக்குத் திரும்புகிறேன்.

செல்வராணி நின்றுகொண்டிருந்தாள். பதினேழு வயது. போனக்காட்டு எஸ்டேட்டுப் பெண். அப்பா தேயிலை ஃபேக்டரியில் இலை உலர்த்தும் பகுதியில் வேலை. தொழிலாளர் குடியிருப்பான அந்த லயத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண் அவள்தான் என்று அட்மிஷன் நாளிலேயே சொன்னார்கள். ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்து வாரி, இரட்டைப் பின்னல். கூட்டத்தில் யாரையும் முந்த மாட்டாள்.

"கால்குலேட்டர் எங்க?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரஷீதா எழுந்தாள். அப்பா வளைகுடாவில் இருந்தார். வகுப்பிலேயே பெரிய கால்குலேட்டர் அவளுடையது. செங்கல் அளவு இருக்கும். எண்கள் பச்சையாக ஒளிரும், கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தாலும் தெரியும்.

"என்டெ கால்குலேட்டராணு டீச்சரே. ஞானாணு கொடுத்தது."

"அது டின்னுல இருக்கே."

"டின்னுல கவர் மாத்திரமே உள்ளூ."

திறந்து பார்த்தேன். காலி உறை. உள்ளே கனத்துக்கு ஒரு அழி ரப்பரும் இரண்டு சாக்பீஸும். செல்வராணி தாவணி மடிப்பிலிருந்து அந்தச் செங்கலை எடுத்து மேஜையில் வைத்தாள். அன்றைய வகுப்புக் கணக்குக்கும் அதைத் தட்டியிருக்கிறாள், எண்கள் இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தன. கடைசியாகப் போட்ட கணக்கின் விடை அதில் பச்சையாக நின்றது.

எனக்கு வந்த கோபம் கால்குலேட்டருக்காக அல்ல, அந்தச் சாக்பீஸுக்காக என்று நினைக்கிறேன். என்னை ஏமாற்ற இருவரும் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

பத்மினி மேடத்திடம் கொண்டுபோனேன். இருவருக்கும் டெஸ்டில் பூஜ்யம். செல்வராணியின் அப்பாவுக்குக் கடிதம். அவளை முன் பெஞ்சுக்கு மாற்றி, கையில் ஒரு லாக் டேபிள் கொடுத்தேன்.

அதற்கடுத்த டெஸ்டில் அவள் கணக்கு எதையும் போடவில்லை. தியரி எல்லாம் எழுதியிருந்தாள், நன்றாகவே. கணக்கு வந்த இடங்களில் சூத்திரத்தை எழுதி, எண்களைப் பொருத்தி, அதோடு நிறுத்தியிருந்தாள். அதற்கு அடுத்த டெஸ்டிலும் அப்படியே. வகுப்பில் நான் பார்க்கும்போதெல்லாம் லாக் டேபிளைத் திறந்து வைத்துக்கொண்டு தாளில் எதுவும் எழுதாமல் இருந்தாள்.

அடம் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். வீட்டில் என் கணவரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

"இவ்வளவு நல்லாத் தியரி எழுதுற பொண்ணுக்கு ஒரு லாக் டேபிள் பார்க்க என்ன அடம்?" என்று அவர் கேட்டார்.

எனக்கும் அது புரியவில்லை.

அப்பா வந்தார்

கடிதம் போய் ஒரு மாதம் கழித்து அவள் அப்பா வந்தார். முதல் பஸ்ஸில் இறங்கி வந்திருக்க வேண்டும். வெள்ளை வேட்டி, கசங்காத சட்டை, தோளில் துண்டு. பக்கத்தில் வந்தபோது உலர்ந்த தேயிலையின் வாசனை அடித்தது. ஸ்டாஃப் ரூமுக்குள் வரச் சொன்னேன். வரவில்லை. வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"தப்பு பண்ணிட்டா டீச்சர். மன்னிச்சுக்கிடுங்க."

"மன்னிப்பு இருக்கட்டும். இப்ப கணக்கே போட மாட்டேங்கிறா. பரீட்சையில இப்படி இருந்தா ஃபெயிலாயிருவா."

"ஃபெயிலாவாளா?"

"ஆமா."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அப்ப ஊருக்குக் கூட்டிட்டுப் போயி நான் என்ன செய்ய டீச்சர். கொழுந்து எடுக்கவும் ஆகாது அவளுக்கு."

"ஏன், கொழுந்து எடுக்க ஏன் ஆகாது?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு முற்றத்தைப் பார்த்தார். "சும்மா சொன்னேன் டீச்சர். பழக்கமில்லல்லா" என்றார். மகளைப் பார்க்கக்கூட நிற்காமல் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்குக் கொழுந்து எடுக்கப் பழக்கம் இல்லையா? அன்று பிற்பகல் முழுக்க அந்த ஒரு வாக்கியம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் மதியம் செல்வராணியை லேபுக்கு வரச் சொன்னேன். யாரும் இல்லை. ஜன்னல் பக்க மேஜையில் லாக் டேபிளை விரித்து வைத்தேன்.

"நாற்பத்து மூணாவது வரி. ஏழுக்குக் கீழ என்ன இருக்கு, சொல்லு."

விரலை வைத்தாள். விரல் நாற்பத்தொன்றில் இருந்தது. கீழே இறக்கினாள், நாற்பத்தாறுக்குப் போனது. நான் வேண்டுமென்றே திரும்பி, அலமாரியில் எதையோ தேடுகிற மாதிரி நின்றேன். அலமாரிக் கண்ணாடியில் அவள் தெரிந்தாள். புத்தகத்தை மூக்குவரை தூக்கினாள். முகத்தை வலப்பக்கம் திருப்பினாள். பிறகு இடப்பக்கம். கோழி தானியத்தைப் பார்க்குமே, அப்படி.

"ஆறு... எட்டு..." என்றாள். நிறுத்தினாள்.

நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். "உனக்குக் கண்ணு தெரியலையா செல்வி?"

"தெரியும் டீச்சர்."

"இது தெரியுதா?"

புத்தகத்தை மூடி வைத்தாள்.

"நேராப் பார்த்தா மறைஞ்சிரும் டீச்சர். நடுவுல ஒரு ஓட்டை மாதிரி. ஓரத்துல பார்த்தாத் தெரியும். பெரிய எழுத்துன்னா படிச்சிருவேன். போர்டுல நீங்க எழுதுறது பாதி தெரியும், மீதி ரஷீதா சொல்லுவா."

"எவ்வளவு நாளா?"

"ஒம்பதாவதுல இருந்து. வர வரக் கூடுது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அனுப்பிருவாங்கல்லா. கண்ணு தெரியாத பிள்ளைக்கு எதுக்கு பிசிக்ஸ்னு."

அவள் அழவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் பார்த்தபடி சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் ஒவ்வொரு முறையும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். என் முகத்தைப் பார்க்க அவளுக்கு இருந்த ஒரே வழி அது.

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நல்லதாக எதுவும் சொல்லியிருக்க மாட்டேன்.

பிறகு ரஷீதாவிடம், நீயாவது என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"அவள் என்னெக்கொண்டு சத்தியம் செய்யிச்சதாணு டீச்சரே" என்றாள். "சாக்பீஸ் என்டெ ஐடியா. அதினு மாத்திரம் சாரி."

ஃபாரத்தில் இரண்டே கட்டம்

செல்வராணியைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மருந்து ஊற்றி, இருட்டறையில் உட்காரவைத்து, வெகு நேரம் பார்த்தார்கள். டாக்டர் வயதானவர், பொறுமைசாலி. இது கண்ணாடி போட்டால் தீராது, விழித்திரையின் நடுப்பகுதி கெட்டிருக்கிறது என்றார். முழுக் குருடாகிவிட மாட்டாள் என்றும் சொன்னார். என்னிடம் முஷ்டியை மடக்கி மூக்குக்கு முன்னால் பிடிக்கச் சொன்னார்.

"இப்போ என்னெ நோக்கூ. இதாணு அவள் காணுன்னது."

முஷ்டிக்குப் பின்னால் டாக்டரின் முகம் இல்லை. காதும் சுவரும் மட்டும் இருந்தன.

"எழுத்து பெரிசாயிருந்தா படிக்கலாம். படிப்பு நிறுத்த வேண்டா" என்றார்.

மறுநாளே ரஷீதாவின் கால்குலேட்டரை வகுப்பில் செல்வராணி கையில் கொடுத்தேன். அதோடு அடுத்த குழப்பம் பிறந்தது. "அவளுக்கு மாத்திரம் எந்தா டீச்சரே?" என்று முதல் பெஞ்சிலிருந்தே கேள்வி வந்தது. காரணத்தைச் சொல்லக் கூடாது என்று செல்வராணி என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஏதோ மழுப்பினேன். மழுப்பியது எல்லோருக்கும் தெரிந்தது. நியாயமான டீச்சர் என்று எனக்கு இருந்த பெயர் இரண்டே நாளில் போயிற்று.

மூன்றாம் நாள் அவளே எழுந்தாள். "ஞான் பறயாம் டீச்சர்" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். தனக்குக் கண் எப்படித் தெரியும் என்று நாலு வாக்கியத்தில் சொன்னாள். சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பதினோரு மணி ஆகி, டின் கூவ ஆரம்பித்தது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

பரீட்சை வேறு விஷயம். பத்மினி மேடம் ஒரு கடிதம் எழுதித் தந்தார். அதை எடுத்துக்கொண்டு பரீட்சை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு கிளார்க். மேஜையில் ஃபைல்கள், மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேன், ஃபைல் பறக்காமல் இருக்க ஒரு கருங்கல்.

"கண்ணு காணாத்த குட்டியாணோ?"

"கண்ணு தெரியும் சார்."

"அப்போ பின்னெ எந்தா பிரச்னம்?"

"நடுவில தெரியாது."

"நடுவில் என்னு வெச்சால்?"

நான் அவரையும் முஷ்டியைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். அப்படியே என்னைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார், பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்தார். பிறகு கையை இறக்கிவிட்டு மெல்லச் சொன்னார். "டீச்சரே, ஈ ஃபாரத்தில் ரெண்டு கட்டமே உள்ளூ. காழ்ச்ச உண்டு, காழ்ச்ச இல்ல. இல்லாத்தவருக்கு எழுதான் ஆளெ தரும். உள்ளவருக்கு லாக் டேபிள். கால்குலேட்டர் ஆர்க்கும் இல்ல."

காழ்ச்ச என்றால் பார்வை. எழுத ஆள் வேண்டாம் என்று செல்வராணி முன்பே சொல்லியிருந்தாள். தன் கையால் எழுதத்தான் அவளுக்கு ஆசை.

திரும்பி வாசல்வரை வந்துவிட்டேன். என்ன தோன்றியதோ, மறுபடியும் போய்க் கேட்டேன். "சார், லாக் டேபிள் இவ்வளவு பெரிசுதான் இருக்கணும்னு விதி இருக்கா?"

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். முன்னே, பின்னே, மறுபடியும் முன்னே. "இல்ல" என்றார். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது போல.

பத்தொன்பது சார்ட்

சாலை பஜாரில் சார்ட் பேப்பர் வாங்கினேன். பத்து வரிக்கு ஒரு சார்ட். லாக் ஒன்பது, அதிலிருந்து விடைக்குத் திரும்பி வருவதற்கான ஆன்டிலாக் பத்து. ஒவ்வோர் எண்ணும் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரியதாக, கறுப்பு ஸ்கெட்ச் பேனாவில்.

ஞாயிற்றுக்கிழமைப் பகல்களில் வீட்டுத் தரையில் விரித்து எழுதினேன். கணவர் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். மதிய நேரங்களில் லேபில் ரஷீதாவும் இன்னும் சில பெண்களும் கோடு போட்டுத் தந்தார்கள். வீட்டுக்கார மாமி ஒரு நாள் எட்டிப் பார்த்து, "என்ன கோலம்டீ இது, முடிவே இல்லாம போயிண்டிருக்கே" என்றார். விளக்க முயன்றேன். பாதியிலேயே அவருக்கும் புரியவில்லை, எனக்கும் நான் ஏன் இதைச் செய்கிறேன் என்று சந்தேகம் வந்துவிட்டது.

உண்மையாகவே வந்தது. இருநூறு பொத்தான் தட்டல்களில் முடிகிற வேலைக்கு ஆயிரக்கணக்கான எண்களைக் கையால் எழுதிக்கொண்டிருந்தேன், அவள் எளிதாகப் பார்க்கக்கூடிய ஒரு கருவி வகுப்பில் அவள் கையிலேயே இருக்கும்போது. இது அவளுக்கான உதவியா, விதிக்கான உதவியா? பத்மினி மேடத்திடமே கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எனிக்கும் அறிஞ்சூடா சரசூ" என்றார். அவர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கடைசி சார்ட் முடிந்தபோது என் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. செல்வராணி எல்லாவற்றையும் லேப் மேஜைகளில் பரப்பி, தலையைச் சாய்த்துச் சாய்த்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முதல் முறையாக ஒரு கணக்கை லாக் டேபிளில் முழுசாகப் போட்டாள். வெகு நேரம் பிடித்தது. விடை மற்றவர்களுக்கு வந்ததுபோலவே வந்தது.

பரீட்சைக்கு அவளுக்கு ஒரு பெஞ்ச் தனியாகக் கொடுத்தார்கள். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் பத்தொன்பது சார்ட்டையும் முன்னும் பின்னும் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் இல்லை. "இது ஆரு எழுதியதாணு?" என்று கேட்டார். நான் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

நான் வராந்தாவில் நின்றிருந்தேன். மற்றவர்கள் எழுதும் சத்தம் கேட்கவில்லை. அவள் சார்ட் புரட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

சர்டிபிகேட் வாங்க வந்த நாள்

இரண்டாம் வகுப்பில் பாஸ் ஆனாள். டிகிரிக்குப் பிசிக்ஸ் எடுக்கவில்லை, சரித்திரம் எடுத்தாள். எனக்கு அதில் வருத்தம் இருந்தது, சொல்லவில்லை. பிற்பாடு ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்ததாக ரஷீதா எனக்கு எழுதினாள். அடுத்த சில வருஷங்களில் பரீட்சைக்குக் கால்குலேட்டர் அனுமதிக்கலாமா என்று பேச்சு எழுந்தபோது, டிபார்ட்மென்ட் கூட்டத்தில் நான் எழுந்து ஏதோ பேசினேன். ஆதரித்துப் பேசினேனா, எதிர்த்தா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கே விளங்கவில்லையாம்.

சர்டிபிகேட் வாங்க அவள் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அப்பாவும் வந்திருந்தார். இந்த முறை ஸ்டாஃப் ரூமுக்குள்ளேயே வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். செல்வராணியின் கக்கத்தில் சார்ட் சுருள், சணல் போட்டுக் கட்டியிருந்தது.

"இனி எனக்கு வேண்டாம் டீச்சர். வேற பிள்ளைக்கு ஆகும்லா."

வாங்கி வைக்கப் போனேன்.

"ஒண்ணு மட்டும் மாத்தணும் டீச்சர்" என்றாள். சுருளைப் பிரித்து, நாலாவது சார்ட்டை மேஜையில் விரித்தாள். நாற்பத்து மூணாவது வரியில் விரலை வைத்தாள், இந்த முறை நேராக. "ஏழுக்குக் கீழ 6405. ஒம்பதுக்குக் கீழ 6425. நடுவுல எட்டுக்குக் கீழ 6415-ல்ல வரணும்? 6451-னு இருக்கு."

பார்த்தேன். 6451 என்று என் கையெழுத்தில், கட்டைவிரல் நகத்தைவிடப் பெரியதாக எழுதியிருந்தது. கணவர் தப்பாகச் சொன்னாரா, நான் தப்பாக எழுதினேனா என்ற வழக்கு எங்கள் வீட்டில் இன்றும் தீரவில்லை.

"பரீட்சையில இது வந்துச்சா?"

"வந்துச்சு. நான் 6415-னே வச்சுக்கிட்டேன்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத வாரமே டீச்சர்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சொல்லலாம்னு வந்தேன். ரெண்டு தடவ ஸ்டாஃப் ரூம் வாசல் வரைக்கும் வந்தேன்."

"அப்புறம்?"

"திரும்பிட்டேன்."

அவள் அப்பா தரையைப் பார்த்தார். நான் மேலே கேட்கவில்லை. என் வீங்கிய கையை நினைத்துத் திரும்பினாளா, தாளைப் பிடித்துக்கொண்டு அவளை நிற்கவைத்த டீச்சரை நினைத்துத் திரும்பினாளா? இரண்டில் எது என்று அன்றும் தெரியவில்லை. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் தெரியவில்லை.

சிவப்புப் பேனாவை எடுத்தேன். 6451-ஐ அடித்துவிட்டு, மேலே 6415 என்று எழுதினேன். சார்ட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

"சரியா இருக்கா பாரு."

தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, நிதானமாகப் பார்த்தாள்.

"இப்ப சரி டீச்சர்."